கூட்டுக்குள் ஒரு கொதிப்பு

கேள்வி: எங்கள் லயத்துக் கதவில் ஒரு கூட்டுப்புழு வாரக்கணக்காக அசையாமல் தொங்குகிறது. எங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமா, ஐயா?
– கொழுந்தெடுக்கும் வாசகி, வட்டகொடை

பதில்: வீட்டுக்காரருக்கு நான் சாட்சி சொல்ல வரமாட்டேன். கூட்டுப்புழு தூங்கவில்லை தாயே. பழைய உடம்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டு சிறகு, உணர்கொம்பு, பறக்கும் தசை என்று புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் மூச்சு குறையும், நடுவில் அடங்கும், வெளிவரும் நாள் நெருங்க நெருங்க ஏறும்.

கேள்வி: ஒட்சிசன் உயிர் காக்கும் என்று முப்பது வருடம் படிப்பித்தேன். இப்போது அதே ஒட்சிசன் பூச்சிக்கு நஞ்சு என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தலவாக்கலை

பதில்: படிப்பித்தது சரிதான் சேர், பாதிப் பாடம் மிச்சமிருக்கிறது. கலத்துக்குள் இழைமணி ஒட்சிசனை எரிக்கும்போது கொஞ்சம் சிந்திவிடும். அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற சண்டியர்கள் பிறந்து கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றிலும் கைவைப்பார்கள். சலூனில் முடியை வெளுக்க வைப்பதும் இந்தப் பேரொட்சைட்டுதான். கற்றலேசு முதலான நொதியங்கள்தான் காவல். காவலை மீறிச் சண்டியர் பெருகினால் அதுவே ஒட்சியேற்ற அழுத்தம்.

கூட்டுப்புழு ஒட்சிசனைக் கண்டு எவ்வளவு உஷாராக இருக்கிறது தெரியுமா? அட்லஸ் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஹெட்ஸ், பிராட்லி என்ற இருவர் ஆராய்ந்து 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெளிக்காற்றில் ஒட்சிசன் அழுத்தம் சுமார் 21 கிலோபாஸ்கல். புழுவோ மூச்சுத்துளைகளை மூடியும் லேசாகத் திறந்தும் உள்ளே 4, 5க்கு மேல் ஏறவிடாமல் வெகுநேரம் வைத்திருந்தது. அந்த அந்துப்பூச்சியின் நெருங்கிய சொந்தம் நம் இலங்கைக் காட்டிலும் உண்டு.

கேள்வி: வட்டகொடையில் விடியற்காலை கம்பளி இல்லாமல் தலை நீட்ட முடியாது. அங்கே பூச்சிக்கு இந்த ஒட்சிசன் தொல்லையே இருக்காதே?
– குளிருக்குப் பயந்த வாசகர், கொழும்பு

பதில்: பாதி சரி. பத்துப் பாகை சூடு கூடினால் பூச்சியின் உள்வேலை இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். மூச்சு கூடும், சிந்துவதும் கூடும். அதற்காகக் குளிர் நல்ல பிள்ளை என்று நினைக்காதீர்கள். குளிரில் காவல்கார நொதியங்களும் சோம்பிவிடும், பழுதுபார்க்கும் வேலையும் நின்றுபோகும்.

வட அமெரிக்காவில் குதிரைமசால் பயிருக்கு மகரந்தம் சேர்க்க வளர்க்கும் இலைவெட்டித் தேனீயின் கூட்டுப்புழுக்களை 6 பாகைக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். விடாமல் குளிரிலேயே கிடந்தவை அதிகம் செத்தன. தினமும் ஒரு மணிநேரம் மட்டும் 20 பாகைச் சூடு காட்டியவை பெருமளவு பிழைத்தன. அந்தப் புழுக்களில் ஒட்சியேற்றச் சேதத்தைச் சமாளிக்கும் மரபணுக்கள் விழித்திருந்தன. பனி விலகி மத்தியானம் வரும் அந்தக் கொஞ்ச வெயிலுக்கு லயத்து ஆட்களே முதுகைக் காட்டி உட்காரும்போது புழுவுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

கேள்வி: இதெல்லாம் தெரிந்து தோட்டத்துக்கு என்ன லாபம்?
– ஒரு கணக்கப்பிள்ளை

பதில்: கணக்கப்பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி! கொழுந்திலைகளை ஒட்டி உள்ளே இருந்து தின்னும் புழுவை அடக்க 1935–36இல் ஜாவாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிடும், கூட்டுப்புழுவைத் தொடாது. சூடு கூடி, புழு சீக்கிரம் கூட்டுப்புழுவாகிவிட்டால் குளவிக்குக் கிடைக்கும் நாள் குறையும். மிச்சத்தைத் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: தேயிலை ஒட்சியேற்றத்தைத் தடுக்குமாமே? அப்படியானால் கொழுந்து தின்னும் புழு நூறு வயது வாழுமா?
– தேநீர்ப் பிரியர், ஹட்டன்

பதில்: புழு பெட்டியில் அச்சடித்த விளம்பரத்தை வாசிப்பதில்லை. இலைதின்னிப் புழுக்களின் குடல் காரம் மிகுந்தது. அந்தக் காரத்தில் இலையின் பொலிபீனோல்கள் தாமே ஒட்சியேறி, சண்டியர்களை உண்டாக்கக்கூடும். நீங்கள் பாலையும் சீனியையும் போட்டுக் குடியுங்கள். உங்கள் இரைப்பையில் இருப்பது அமிலம்.