ஹோசியர் வீட்டு மாப்பிள்ளை

வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு வகையில் பனியன்காரர் வீட்டு மாப்பிள்ளை. திருப்பூர் காங்கயம் ரோட்டில் நல்லூர்ப் பக்கம் ஏதாவது டீக்கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். "எந்தக் கம்பெனிங்க?" என்று மட்டும் கேட்பார்கள்.

கம்பெனி பெயர் ஹோசியர். 1908 செப்டம்பரில் சர்ச்சில் கைப்பிடித்த கிளெமன்டைன் அம்மையாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் அது. ஸ்காட்லாந்துக்காரர்கள் நடுவில் வேறு எழுத்துப் போட்டு எழுதுவார்கள்; சரக்கு ஒன்றுதான். நம் ஊர் போர்டுகளில் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் 'ஹோசியரி'யின் முன்பாதி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்கள் இடுப்பிலிருந்து பாதம் வரை இறுக்கி மாட்டிய காலுறைக்கு 'ஹோஸ்' என்று பெயர். அதைத் தைத்தவர், விற்றவர் ஹோசியர். இன்றைக்குப் பெண்கள் போடும் லெக்கின்ஸை அன்றைக்குப் போர்வீரர்கள் போட்டார்கள். திருப்பூர் மட்டும் அப்போதே இருந்திருந்தால் நூறாண்டுப் போருக்கு இரண்டு பக்கமும் நாமே சப்ளை செய்திருப்போம்.

இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தவர்தான் 1931-இல், வைஸ்ராய் மாளிகைப் படிகளில் காந்தி அரை நிர்வாணமாக ஏறிப் போகிறாரே என்று குமட்டிக்கொண்டார். காந்தி சட்டையைத் துறந்தது 1921 செப்டம்பர் 22-இல், மதுரையில். பத்து வருஷம் கழித்துத்தான் லண்டனில் குளிர் தெரிந்திருக்கிறது. அவ்வளவு அக்கறை இருந்தால், மாமனார் வீட்டுப் பெயரைக் காப்பாற்றவாவது நாலு பனியன் பார்சல் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தாலும் காந்தி போட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம். மில் நூல்.

சரி, காலுறை தைப்பவரின் தொழில் எப்படி ஒரு வம்சத்தின் முதுகில் பச்சை குத்தப்பட்டது?

1066-இல் வில்லியம் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது, அங்கிருந்த சாமானியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதற்குப் பிறகு பெயர்ப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஏழெட்டுப் பெயர்களை வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஓட்டினார்கள். ஊருக்குள் அதில் ஒரு சிரமமும் இல்லை. குட்டை ஜான், ஆற்றங்கரை ஜான், அந்தச் சண்டைக்கார ஜான் என்று அவரவருக்குத் தெரியும். சிரமம் வெளியிலிருந்து வந்தது, கையில் கணக்குப் புத்தகத்தோடு.

1377-இல் தலைக்கு நாலு பென்ஸ் வரி போட்டார்கள். 1379-இல் மறுபடியும். வரி போடத் தலையை எண்ண வேண்டும், எண்ணிய தலையை மறுபடி எண்ணிவிடக் கூடாது. கணக்குப்பிள்ளை ஊருக்குள் வந்து உட்கார்ந்திருப்பார்.

"பேரு?"

"ஜானுங்க."

"அப்பன் பேரு?"

"அவரும் ஜானுங்க."

"என்ன பொழப்பு?"

"காலுறை தைக்கறனுங்க."

"ஜான் ஹோசியர். நாலு பென்ஸ் எடு."

முடிந்தது. ஒரே நாளில், ஒரே ஆள் செய்த வேலை என்று சொல்ல முடியாது; முன்னூறு வருஷமாக இப்படி எழுத எழுத, பட்டப்பெயராக இருந்தது அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்க ஆரம்பித்தது. சுமார் 1400-க்குள் பெரும்பாலான ஆங்கிலேயர்கள் வால் முளைத்தவர்களாகிவிட்டார்கள். நடுவில் 1381-இல் வரியைத் தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ் ஆக்கியபோது மட்டும் ஜனங்கள் கத்தி கம்பு எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பினார்கள். அந்தக் கலகத்தின் தலைவர் வாட் டைலர். 'டைலர்' என்றால் ஓடு வேய்பவர். வரிக் கணக்கு எழுதும் முறையை எதிர்த்துப் புறப்பட்டவரையும் அதே முறையில்தான் வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

துணித் தொழில்தான் அன்றைக்கு அந்த நாட்டின் பெரிய தொழில் என்பதால், பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் ஏதோ ஷிப்ட் சேரும் நேரத்து அட்டெண்டன்ஸ் போல இருக்கும். வெப்ஸ்டர் நெசவு. டையர் சாயம், யார்க்‌ஷர் பக்கம் போனால் அதே சாயக்காரர் லிஸ்டர். டோசர் கம்பளி சிக்கெடுப்பவர், அவர் டெவன் மாவட்டத்துச் சொத்து. ஷெர்மன், துணியின் மேல் எழும்பி நிற்கும் பிசிறை வெட்டுபவர். அந்த வேலை நம் செக்கிங் செக்‌ஷன் அக்காக்களுக்கு நன்றாகத் தெரியும். என்ன, அவர்கள் பெயரில் அமெரிக்க டாங்கி எதுவும் ஓடவில்லை.

நெய்த கம்பளியை ஈரத்தில் போட்டு மிதித்துத் தடிப்பாக்கும் வேலைக்கு மட்டும் ஊருக்கு ஒரு பெயர். தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கே வாக்கர். ஒருவருடைய பெயரை வைத்தே தாத்தன் எந்தத் திசையில் தொட்டிக்குள் நின்றான் என்று கண்டுபிடித்துவிடலாம். விஸ்கி பாட்டிலில் தொப்பியும் கோட்டுமாக விறுவிறுவென்று நடக்கிறாரே, அவர் பெயர்க்கணக்குப்படி எங்கும் போகவில்லை. ஈரத் துணியை மிதித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு கூட்டத்தில் ஹோசியர்கள் மட்டும் சொற்பம். டெய்லர் ஊருக்கு ஊர் வேண்டும், அதனால் டெய்லர்கள் உலகம் முழுக்க இறைந்து கிடக்கிறார்கள். கால்களுக்கென்று தனியாகக் கடை வைத்தால் பிழைக்க, கால்களைக் காட்ட ஆசைப்படும் பணக்காரர்கள் நாலு பேராவது வேண்டும். அது நகரத்துப் பிழைப்பு.

சொற்பப் பேர் என்றாலும் சும்மா இருக்கவில்லை. 1726-இல் அட்மிரல் பிரான்சிஸ் ஹோசியர் என்பவரைப் படையோடு பனாமாக் கரைக்கு அனுப்பினார்கள். போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தில் ஸ்பெயின்காரர்களின் வெள்ளி மூட்டைகள் காத்திருந்தன. உத்தரவு என்ன தெரியுமா? துறைமுகத்தைப் பிடிக்காதே, வெள்ளியைத் தொடாதே, கப்பல்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டு அங்கேயே நில். பையர் 'ஹோல்ட்' போட்ட சரக்கை குடோனில் அடுக்கிவைத்து மாதக்கணக்கில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த உத்தரவின் ருசி புரியும். நின்றார் ஹோசியர். மஞ்சள் காய்ச்சல் வந்தது. சுமார் 4,000 பேரோடு அவரும் 1727-இல் போய்ச் சேர்ந்தார். கையெழுத்துப் போட்டவர்கள் லண்டனில் சௌக்கியமாக இருந்தார்கள்.

சர்ச்சில் மாமனார் வீடு அடுத்தது. இப்போது இருப்பவர்களில் பிரபலம், ஹோசியர் என்ற ஒற்றைப் பெயரோடு மேடை ஏறும் ஐரிஷ் பாடகர். முழுப்பெயர் ஆண்ட்ரூ ஹோசியர்-பர்ன். ஆக அட்மிரல், மாமனார், பாடகர். இந்த மூவரில் ஒருவர்கூட ஒரு காலுறை தைத்ததாகத் தகவல் இல்லை.

தொழில் அதற்குள் கை மாறிவிட்டது. 1589-இல் நாட்டிங்ஹாம் பக்கம் கால்வெர்ட்டனில் வில்லியம் லீ என்பவர் கையால் பின்னுவதை மெஷினில் பின்னிக் காட்டினார். கைப்பின்னல்காரிகள் வயிற்றில் அடிப்பதா என்று எலிசபெத் ராணி உரிமம் தர மறுத்ததாகக் கதை. லீ பிரான்சுக்கு மூட்டை கட்டினார். ஆதரித்த நான்காம் ஹென்றியை 1610-இல் குத்திக் கொன்றுவிட்டார்கள். மனிதர் பெயர் விளங்கவில்லை, மெஷின் விளங்கிவிட்டது. பின்னாளில் நாட்டிங்ஹாம், லெஸ்டர் வட்டாரத்தில் 'ஹோசியர்' என்றால் தைப்பவர் அல்ல, முதலாளி. நூலைக் கொடுப்பார், மெஷினை வாடகைக்கு விடுவார், பின்னிக் கொண்டுவந்தால் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். ஜாப் ஒர்க். 1811-இல் பொறுக்க முடியாமல் பின்னல்காரர்கள் இரவில் கிளம்பி அந்த மெஷின்களை உடைத்தார்கள். கடிதங்களில் 'ஜெனரல் லுட்' என்று கையெழுத்துப் போட்டார்கள். அப்படி ஒரு ஆள் இருந்ததாகவே நம்பத்தகுந்த தடயம் இல்லை. போலீசுக்குத் தேவைப்படும்போது மட்டும் குடும்பப் பெயர் எவ்வளவு உபயோகம் பாருங்கள்.

அந்த மெஷினின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கு வந்து இறங்கியது 1920-களில். 1925-இல் குலாம் காதர் ஆரம்பித்த பேபி நிட்டிங்தான் முதல் பனியன் கம்பெனி என்று ஊர் வரலாறு சொல்லும். அரை நூற்றாண்டு உள்நாட்டுக்கே வெள்ளைப் பனியன் பின்னிக்கொண்டிருந்த ஊருக்கு 1978-இல் இத்தாலியிலிருந்து ஒருவர் வந்து டி-சர்ட் கேட்டார். அவர் பெயர் வெரோனா. வெரோனா என்பது இத்தாலியில் ஒரு ஊர். ஊரையே பெயராக மாட்டிக்கொண்டு வந்தவர், ஊரே பனியனாக இருந்த இடத்துக்கு ஏற்றுமதியைத் தொடங்கிவைத்தார்.

இங்கே கற்பனைக்குக் கொஞ்சம் வேலை. 1379-ஆம் வருஷத்துக் கணக்குப்பிள்ளை வழி தவறி நல்லூரில் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேட்லாக் பழனிச்சாமி, ஓவர்லாக் செல்வி, சிங்கர் முருகேசன், கைமடி காளியம்மாள், காஜா பட்டன் கனகராஜ். இதுவரை பரவாயில்லை. பழனிச்சாமியின் பேரன் நாளைக்குக் கண் டாக்டரானால்? போர்டில் டாக்டர் பேட்லாக். காளியம்மாளின் கொள்ளுப்பேத்தி நீதிபதியானால் மாண்புமிகு கைமடி. சிரிக்கிறோம். பிரிட்டனில் இரும்படிக்காத ஸ்மித்தும் மாவரைக்காத மில்லரும் மந்திரியாகும்போது யாரும் சிரிப்பதில்லை.

நம் ஊரில் தொழில் பெயர் ஒட்டாமல் இல்லை. ஒட்டும், ஆனால் முன்னால் ஒட்டும், அதுவும் முதலாளிக்கு மட்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் நிறுவனத் தலைவரை 'பாப்பீஸ்' சக்திவேல் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஆயிரம் சக்திவேல்களில் எந்தச் சக்திவேல் என்பதற்குக் கம்பெனி பெயரே விலாசம். அப்பன் பெயரை மாற்ற முடியாது. கம்பெனி பெயரை பார்ட்னர்கள் பிரிந்த மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். தையல்காரருக்கு அந்த வசதியும் இல்லை. அவர் எந்தக் கம்பெனியில் தைத்தாலும் 'டெய்லர்' மட்டும்தான்.

இதனால் நமக்கு வம்சப் பெயரே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். கொங்கு வேளாளர்களிடம் கூட்டப் பெயர்கள் வண்டி வண்டியாக உண்டு. ஆந்தை, காடை, கண்ணன், செல்லன், பயிரன், ஓதாளன், தூரன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி ஊர், அதில் ஒரு குலதெய்வக் கோயில். எந்தப் பெயர் எங்கே பரவியது என்பதற்கு இங்கிலாந்தில் வரிப் புத்தகம் புரட்ட வேண்டும். இங்கே பொங்கல் வைக்கிற நாளில் கோயில் வாசலில் நின்று வண்டிகளை எண்ணினால் போதும். ஆனால் அந்தப் பெயரை யாரும் ரேஷன் கார்டில் எழுதுவதில்லை. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. அதைப் பார்க்கும் ஒரு நாளைக்கு மட்டும் வெளியே வந்து, தாம்பூலம் மாற்றியதும் உள்ளே போய்விடும். பெயரோடு சேர்த்து வெளிச்சத்தில் போட்டுக்கொண்டவர் அபூர்வம். ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமி ஒருவர் போட்டுக்கொண்டார். 1954 முதல் 1968 வரை தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கு ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன். உலகத்து விஷயங்களையெல்லாம் அகர வரிசைப்படுத்தியவர் தன் பெயரையும் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் வைத்திருந்தது சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை வெட்டி எறியச் சொன்னது. சாதியை வெட்ட முடிந்ததா என்று கேட்காதீர்கள். பெயரிலிருந்து வெட்டினோம், அதுவே பெரிய காரியம். ஆங்கிலேயரின் பெயர்வால் அதிகாரி எழுதிக் கொடுத்தது. நம் பெயருக்குப் பின்னால் இருக்கும் காலியிடம் நாமே சண்டை போட்டுச் சம்பாதித்தது. முன்னால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்த இனிஷியலிலிருந்து ஊரும் தப்பவில்லை. தனி நகராட்சியாக இருந்த நல்லூரை 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். யாழ்ப்பாணம் தொடங்கி எத்தனையோ நல்லூர்கள் இருப்பதால், அன்றிலிருந்து நாங்கள் தி. நல்லூர்.

ஆனால் கணக்குப்பிள்ளை சாகவில்லை. கம்ப்யூட்டராக மறுபிறவி எடுத்திருக்கிறார். பி.எஃப். பணம் எடுக்கப் போன எஸ். முருகன், ஆதாரில் முருகன் எஸ், பாங்கில் முருகன் சுப்பிரமணி. மூன்று பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கும் பொறுப்பு முருகனுடையது. 2022 நவம்பரில் ஐக்கிய அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வரும் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விட மாட்டோம் என்றது. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தவர்கள் ஏஜென்ட் ஆபீசுக்கு ஓடினார்கள். எல்லோரும் கண்டுபிடித்த தீர்வு ஒன்றுதான்: அப்பா.

அதன் விளைவு இப்போது எக்ஸ்போர்ட் ஆபீஸ்களில் தினம் நடக்கிறது. கம்பெனி நடத்துபவர் மகன், செந்தில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் ஆறுமுகம். ஆகவே லண்டன் பையரின் மெயில்கள் எல்லாம் "அன்புள்ள மிஸ்டர் ஆறுமுகம்" என்றே தொடங்கும். சாம்பிள் லேட், மிஸ்டர் ஆறுமுகம். கலர் ஷேடு ஒத்துவரவில்லை, மிஸ்டர் ஆறுமுகம். பீசுக்கு இன்னும் பத்து சென்ட் குறைக்க வேண்டும், மிஸ்டர் ஆறுமுகம். இங்கிலாந்தில் தாத்தன் தொழிலைப் பேரன் சுமக்கிறான். எங்கள் பக்கம், காங்கயத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும் ஆறுமுகம், மகன் செய்த டேமேஜுக்கெல்லாம் சர்வதேச அளவில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் இன்னும் கைத்தறி வேட்டியும் வெறும் மேலும்தான். பனியன் போட்டால் புழுங்குகிறதாம்.