கூரைக்கு மூக்கு வைக்கிற பேராண்டிக்கு

நீ கட்டடம் வரையுற ரெவிட் மென்பொருள்ல சுவரு அந்தரத்துலயும் நிக்கும், பேராண்டி. கீழ தூணு இல்ல, உத்தரம் இல்ல, ஆனா நிக்கும். கேக்க ஆளில்ல. நம்ம ஊர்ல இப்படி ஒரு சுவரு எழுப்பியிருந்தா மேஸ்திரி கரணையாலயே மண்டையில ஒண்ணு போட்டிருப்பாரு. உன் கம்ப்யூட்டரு பாவம், மூலையில ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டிட்டு ஒதுங்கிக்குது. அதையும் நீ படிக்காமலே மூடிடுறே. நாலு வருசம் காசு கட்டிப் படிச்ச படிப்புல முதல்ல கைவந்தது அதுதான் போல.

ஸ்பிரிங்லீஃப் பக்கம் யாரோ ஒரு அம்மாவோட தரைவீட்டுக்குக் கூரை வரையுறியாம். பனி பெய்யுற ஏதோ ஊரு வீட்டுப் படத்தைக் காட்டி, இதே மாதிரி கூரைச் சரிவுல சன்னல் வெச்ச குட்டி வீடு ஒண்ணு எட்டிப் பாக்கணும்னு அந்த அம்மா சொல்லிட்டாங்களாம். நீயும் தலையை ஆட்டிட்டு வந்துட்டே. டார்மரு! நான் ஈசூன் புளோக்குல குடியிருக்கிறவன். எனக்குக் கூரைன்னா மேல் வீட்டுக்காரன் குளியலறைத் தரைதான். அது ஒழுகினா அவனும் நானும் பேசிச் செலவைப் பங்கு போட்டுக்கணும், அதுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் விதி வெச்சிருக்கு. உன் டார்மரு ஒழுகினா பங்கு போட எவன் வருவான்? அதனாலதான் சொல்றேன், காதைக் குடு.

எனக்கு ரெவிட் எப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ பட்டனைத் தட்டித் தட்டிக் கத்துக்கிட்டே, நான் நீ தப்பு பண்றதைப் பின்னால நின்னு பாத்தே கத்துக்கிட்டேன். என் வழியில கண்ணு கெடல.

முதல்ல நீ என்ன பண்றே? பெரிய கூரையைப் போடுறே, சரி. அதுக்கு மேல டார்மருக்கு முன்சுவரு ஒண்ணு, பக்கச்சுவரு ரெண்டு, அதுக்கொரு குட்டிக் கூரை. அதுவும் சரி. அப்புறம் ரெண்டு கூரையையும் ஒட்டவைக்க ‘ஜாயின் ஜியாமெட்ரி’யை அமுக்குறே. அங்கதான் வினை. ஒட்டின மாதிரி தெரியும், பின்னால ஓட்டை போடப் போகும்போது முரண்டு பிடிக்கும். அதுக்குன்னே ‘ஜாயின் ரூஃப்’னு தனியா ஒண்ணு இருக்குல்ல? குட்டிக் கூரையோட பின்னோரத்தை முதல்ல தொடு, அப்புறம் பெரிய கூரையோட சரிவைத் தொடு. குட்டி தானா நீண்டு போய்ச் சரிவுல முட்டி நிக்கும். பொண்ணு பாக்கப் போனா யாருக்கு முதல்ல வணக்கம் சொல்லணும்னு ஒரு முறை இருக்குல்ல, அந்த மாதிரிதான் இதுவும்.

அடுத்தது சுவரு. நேத்து ராத்திரி செக்‌ஷன் வெட்டிப் பாத்தியே, படுக்கையறை உத்தரத்துலேருந்து ரெண்டு சுவரு பாதி உசரத்துக்குத் தொங்கிக்கிட்டிருந்துது. அந்த அம்மா கட்டில்ல எழுந்து உக்காந்தா நெத்தியில இடிக்கும். சுவரோட தலையை மட்டும் குட்டிக் கூரையில ஒட்டினியே, காலை யாரு ஒட்டுவா? ‘அட்டாச்’ல மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு இருக்கு. தலை குட்டிக் கூரைக்கு, காலு பெரிய கூரைக்கு. அது ஆனதும் கூரைக்குக் கீழ நீட்டிக்கிட்டிருந்த மிச்சம் மறைஞ்சு போயிடும். அதுக்கப்புறம்தான் ‘டார்மர் ஓப்பனிங்’. பெரிய கூரையைத் தேர்ந்தெடு, குட்டிக் கூரையைத் தொடு, மூணு சுவரையும் தொடு, எல்லைக்கோடு விழும். கோடு சுவரோட உள்முகத்துல விழுதான்னு பாரு. வெளிமுகத்துல விழுந்தா சுவருக்கடியில கூரையே இல்லாம வெட்டிப்புடும். மறுபடி உன் சுவரு அந்தரத்துல.

இவ்வளவும் செஞ்சா படம் சுத்தமா இருக்கும். படம் மட்டும்தான்.

ஏன்னா நீ வெட்டினது கோட்டை இல்ல, கூரையைத் தாங்குற சட்டத்தை. முகட்டுலேருந்து எறவாணம் வரைக்கும் ஒரே ஓட்டமா வர்ற சட்டம் நாலஞ்சை நடுவுல துண்டு போட்டுட்டே. துண்டான சட்டமெல்லாம் எங்க போய் உக்காரும்? ஓட்டைக்கு மேல ஒரு குறுக்குச் சட்டம், கீழ ஒண்ணு வேணும். ரெண்டு பக்கமும் முழுச்சட்டத்தை இரட்டையாப் போட்டு அந்தக் குறுக்குச் சட்டத்தை அதுல ஏத்தணும். ஓட்டை போட ஒரு பட்டன் இருக்கு. பாரத்தைத் திருப்பி விடுறது உன் தலையில இருக்கு. அந்தத் தலையை இஞ்சினியருகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வா.

டார்மரை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச அதிசயம்னு நினைச்சுக்காதே. மாமல்லபுரத்து ரதங்களைப் போய்ப் பாரு, ஏழாம் நூற்றாண்டுது. கபோதத்துல, அதான் கூரை விளிம்புல, வரிசையா லாடம் மாதிரி வளைஞ்ச கூடு இருக்கும், ஒவ்வொரு கூட்டுக்குள்ளேருந்தும் ஒரு முகம் எட்டிப் பாக்கும். மரத்துலயும் ஓலையிலயும் வளைச்சுக் கட்டின பழைய கூரைங்கள்ல இருந்த சன்னலைத்தான் சிற்பி கல்லுல எடுத்து வெச்சான். ஸ்தபதிங்க அதை நாசின்னும் சொல்வாங்க. சிராங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டும்போது அண்ணாந்து பாத்தா கோபுரத்து உச்சியில ரெண்டு பக்கமும் பெருசாத் தெரியும். மாமல்லபுரத்துல எட்டிப் பாக்குற அந்த ஆளு ஆயிரத்து முந்நூறு வருசமா நிக்கிறான், அவன் முதுகு நனையல. ஏன்? பின்னால ஓட்டையே கிடையாது, முழுப்பாறை. நீ ஓட்டையையும் போட்டுட்டு முதுகும் நனையக்கூடாதுங்கறே.

மழைக்கு வருவோம். சிங்கப்பூர்ல சராசரியா வருசத்துக்கு 171 நாள் மழை, அளவு 2,100 மில்லிமீட்டருக்கு மேல. கணக்குப் பாத்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வானம் உன் வரைபடத்தைத் திருத்துது. முக்கோண முகப்பு வெச்ச டார்மருன்னா, அதோட கூரை பெரிய சரிவுல சேர்ற இடத்துல ரெண்டு பள்ளம். ரெண்டு கூரைத் தண்ணியும் அங்கதான் வந்து கூடும். காஞ்ச இலை போய் அடைச்சுக்கிட்டா தண்ணி ஓட்டுக்கு அடியில ஏறும். பக்கச்சுவரு ஓட்டைத் தொடுற இடத்துல ஃபிளாஷிங் தகடு படிப்படியா மடங்கி, சுவருக்குள்ள செருகி ஏறணும். உன் மாடல்ல அந்தத் தகடு எங்க? ரெண்டு பரப்பு ஒண்ணையொண்ணு தொட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு ரெவிட் நினைக்குது. தொடுற இடத்துலதான் தண்ணிக்கு வேலையே ஆரம்பிக்குது. தகட்டுப் படம் இல்லாம போனா தளத்துல இருக்கிற ஒப்பந்தக்காரரு சிலிக்கோனைப் பிதுக்கிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிடுவாரு.

வெயிலையும் கேட்டுக்க. டார்மரு பொறந்த ஊர்ல வெயிலை உள்ள கூப்பிடத்தான் சன்னல் வெச்சான். நாம பூமத்திய ரேகைக்கு ஒண்ணேகால் டிகிரி தள்ளி உக்காந்திருக்கோம். கிழக்கையும் மேற்கையும் பாத்து வெச்சியானா அந்த அம்மா அங்க அப்பளம் காயப்போடலாம். வடக்கோ தெற்கோ பாக்கட்டும். கண்ணாடியைச் சும்மா பதிச்சு வைக்காதே, திறக்குற மாதிரி வை. ஓட்டுக்கடியில தேங்குற சூட்டுக்கு வெளிய போக வழி வேணும். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையில கூரை முகப்புல மர அழி வெச்சிருக்கான் பாரு, அழகுக்கு அழகு, காத்துக்குக் காத்து. நம்ம ஈசூனுக்கே பேரு குடுத்த லிம் நீ சூன் ரப்பரும் அன்னாசியும் போட்ட காலத்துல இங்க அத்தாப்புக் குடிசைதான். அதுல சுவருக்கும் கூரைக்கும் நடுவுல இடைவெளி விட்டிருப்பாங்க. காத்து கேக்காமலே போகும், கேக்காமலே வரும்.

சன்னலு வெச்சே ஆகணும்னா லிட்டில் இந்தியாவுல நடந்து பாரு. அங்க பழைய கடைவீடுங்களை 1989ல பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சாங்க. மெருகு பூசாத சுட்ட மண் ஓடுதான் போடணும்னு கூரைக்கே விதி இருக்கு. அந்த வீடுங்க சிலதுல முகட்டு மேலயே ஒரு குட்டிக் கூரையைத் தூக்கி வெச்சிருப்பாங்க, ஜாக் ரூஃப்னு சொல்றது. அதுக்கு மேல்பக்கம்னு ஒண்ணு கிடையாது, அதனால மேலேருந்து ஓடிவர்ற தண்ணியும் கிடையாது. பள்ளமும் இல்ல. ரெண்டு பக்கமும் பொழிஞ்சு அதுபாட்டுக்குப் போயிடும். நடுவீட்டுக்கு வெளிச்சம் இறங்கும், சூடு ஏறி வெளிய போகும். நீளமா, குறுகலா, ரெண்டு பக்கமும் அடுத்தவன் சுவரா இருக்கிற வீட்டுல சன்னலு எங்க வைக்கிறதுன்னு திண்டாடினவன் யோசிச்ச வழி அது. அவன்கிட்ட ரெவிட் இல்ல, அவசரமும் இல்ல.

இன்னொண்ணு. 2015 ஜூலைல 5,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள புதுக் கட்டடத்துக்கெல்லாம் மாடலாவே சமர்ப்பிக்கணும்னு கட்டட, கட்டுமான ஆணையம் விதி போட்டுச்சு. உன் ஸ்பிரிங்லீஃப் வீடு அந்தக் கணக்குல கால்வாசிகூட வராது. அப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யாருக்காக இந்த மல்லுக்கட்டு? முப்பரிமாணம் பாக்க லட்சணமா இருக்குன்னுதானே? பண்ணு, வேணாங்கல. ஆனா நகர மறுசீரமைப்பு ஆணையம் தரைவீட்டுக்குன்னு போட்டிருக்கிற உயர வரம்பை முதல்ல மாடல்ல ஒரு பெட்டியா நிறுத்து. ரெண்டு தளம்னா 12 மீட்டர், மூணு தளம்னா 15.5. டார்மரோட மூக்கு அந்தப் பெட்டியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்தா, நீ ஒட்டின சுவரும் வெட்டின ஓட்டையும் மறுபடி முதல்லேருந்துதான்.

நாளைக்கு ஆபிசு போனதும் அந்த அம்மாவுக்குப் போனைப் போட்டு, வெளிச்சம் வேணுமா, படத்துல பாத்த வீடு வேணுமான்னு கேளு. வெளிச்சம்னா ஜாக் ரூஃப் போட்டு முடிச்சுடு. படம்தான்னா வடக்கே திருப்பி வை, ஃபிளாஷிங்கைப் பெருசாத் தனித்தாள்ல வரைஞ்சு ஒப்பந்தக்காரருகிட்ட கையெழுத்து வாங்கு. இவ்வளவு சொன்னதுக்கு என் கோப்பிக்கு நீயே காசு குடுத்துடு, ஆலோசனைக் கட்டணம்னு கணக்குல எழுதிக்க.