ஐந்து மணிக்குப் புறப்படுகிறவர்கள்

"காலை ஐந்து மணிக்கு" என்று சங்கற்பம் செய்துகொண்டு எட்டரைக்குப் புறப்படுகிற நம் குலதர்மத்தின்மீது எனக்குச் சென்ற வாரம் வரை விரோதம் ஏதுமில்லை; கர்வால் இமயத்தில் சோப்தாவிலிருந்து துங்கநாத் வழியாகச் சந்திரசிலைக்கு ஏறப்போன பிறகு, என் முழங்கால்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. சுமார் 13,000 அடி உயரமுள்ள அந்தச் சிகரத்திலிருந்து தெரியும் நந்தாதேவி, சௌகாம்பா தரிசனத்தின் மகிமையைச் சொல்லவே உத்தேசம். அதற்குமுன் ஒரு வார்த்தை.

பங்குனிப் பனி இருக்கிறதே, அது இரவெல்லாம் உறைந்து இறுகி, விடியற்காலையில் எப்பேர்ப்பட்ட கனவானையும் தாங்கும். வெயில் ஏறிவிட்டாலோ தொடைவரை உள்ளே வாங்கிக்கொண்டு, காலை மட்டும் திருப்பித் தந்து காலணியைத் தானே வைத்துக்கொள்ளும். பாறையோரம் பத்திரமென்று ஒதுங்கினால், கறுத்த பாறை வெயிலைக் குடித்துச் சுற்றிலுமுள்ள பனியை அடியில் குடைந்து வைத்திருப்பதால், அங்கே இடுப்பளவு உபசாரம் நடக்கும். இவ்வளவையும் எங்கள் வழிகாட்டிப் பையன் முதல்நாள் இரவே சொன்னான். எல்லோரும் பயபக்தியுடன் தலையசைத்தோம்.

விடிந்ததும் ஒருவருக்குக் குரங்குக் குல்லாயைக் காணவில்லை. குல்லாயைத் தேட மூக்குக்கண்ணாடி வேண்டும், கண்ணாடியைத் தேட டார்ச்சு வேண்டும், டார்ச்சுக்குப் பாட்டரி வேண்டும், பாட்டரியோ மைத்துனருடைய காமிராவில் இருக்க, மைத்துனர் வெந்நீருக்காகக் காத்திருக்க, வெந்நீர் முழுவதும் இரண்டாவது தேநீருக்குப் போய்விட்டிருக்க, தேநீர் போட்டவர் சர்க்கரை வாங்கப் போயிருக்க, அவரைத் தேடிப் போனவர் குல்லாய் இல்லாமல் எப்படிப் போவதென்று திரும்பி வந்துவிட்டார். கடைசிவரை குல்லாய் அகப்படவில்லை. அகப்பட்டாலும் பிரயோஜனமில்லாதபடி நல்ல வெயில் வந்துவிட்டது.

அப்புறம் வழியெல்லாம் புராஞ்சு என்கிற மலைமரம் பூத்திருந்தது. ஒவ்வொரு மரத்தோடும் ஒவ்வொரு உறவினரையும் நிறுத்திப் படமெடுத்துத் துங்கநாத்தை அடைந்தபோது உச்சி வேளை. கோயில் சாத்தியிருந்தது. குளிர்காலத்தைக் கீழே மக்குமடம் என்கிற ஊரில் கழிக்கும் துங்கநாதர், பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாளில், குறித்த நாழிகையில் புறப்பட்டு மலையேறுகிறார். அவருக்குக் குல்லாய் தேடுகிற சுற்றத்தார் இல்லை போலும்.

மேலேயுள்ள சரிவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நனைந்த பனி எந்த நிமிஷமும் சரியும் என்று பையன் நின்றுவிட்டான். தொடைவரை புதைந்த நிலையில் எங்கள் கோஷ்டித் தலைவர் நிதானமாக யோசித்து, "இந்த வருஷம் பனி சரியில்லை" என்று தீர்ப்புக் கூற, அத்தனை பேரும் அதை ஏகமனதாக ஆமோதித்தார்கள்.