சோப்புக்குப் பெயர் சூட்டல்: மறுதொடக்க நிலை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

தமிழில் பெயராய்வு புதிதல்ல. ஊர்ப்பெயர்களுக்கென்றே ரா.பி. சேதுப்பிள்ளை 'தமிழகம் ஊரும் பேரும்' என்று ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். ஆட்பெயர், தெருப்பெயர் என்று பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகள் தூசி தாங்கிக் கிடக்கின்றன. வீட்டில் செய்யும் சோப்புக்கு இணையத்தில் என்ன பெயர் வைப்பது என்பது மட்டும் அறிஞர் கண்ணில் படாமலே போய்விட்டது. அற்பப் பொருள் என்று ஒதுக்கியிருக்கலாம். விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து, "என்னங்க, 'நறுமுகை'ன்னு வச்சா எப்படி இருக்கும்?" என்று குரல் வரும் வீட்டில் அவர்கள் குடியிருந்ததில்லை என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

ஆய்வின் எல்லை மறுதொடக்கம் மட்டுமே. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெயர் ஒரு சிக்கலே அல்ல. 2020 பொதுமுடக்கத்தில் யூடியூப் பார்த்து எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கியவர்கள், மகள் பெயரோடு 'ஆர்கானிக்ஸ்' சேர்த்து அன்றிரவே கணக்கு திறந்துவிட்டார்கள். மகன் மட்டும் உள்ளவர்கள் பாட்டி பெயரோடு 'ஹெர்பல்ஸ்' சேர்த்தார்கள். யோசித்தவர் எவருமில்லை, அதனால் தொழிலும் நடந்தது. பிறகு பிரசவம், இடமாற்றம், மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் என்று ஏதோ ஒன்று வந்து தொழில் நின்றது. இரண்டாம் முறை ஆரம்பிக்கும்போதுதான் மனிதருக்கு அறிவு வந்துவிடுகிறது. கேடு அங்கே தொடங்குகிறது.

தரவும் சார்பும்

களம்: பாளையங்கோட்டையில் ஒரு வீடு, அதன் பின்கட்டு. தகவலாளர்: அவ்வீட்டுப் பெண்மணி. தம் பெயரைக் கட்டுரையில் போட வேண்டாம் என்றார். சோப்பின் பெயரைக் கேட்டதற்கு, "அதையும் இப்போதைக்குப் போடாதீங்க" என்றார். ஆய்வாளருக்கும் தகவலாளருக்கும் திருமண உறவு உண்டு என்பதை ஆய்வு அறம் கருதிப் பதிவு செய்கிறோம். நிதியுதவி எந்த அமைப்பிடமிருந்தும் பெறப்படவில்லை. பொருளுதவியாகக் கிடைத்தவை, சோப்புக் கட்டியை வில்லைகளாக நறுக்கும்போது விழும் ஓரத்துண்டுகள். சோப்பு விற்கும் வீட்டில் முழுச் சோப்பு போட்டுக் குளித்தவர் எவருமில்லை என்பது இத்துறையில் மறுக்கப்படாத உண்மை.

சோப்புச் செய்முறை கறாரானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் ஐந்து சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவார்கள். மாறாத எண்ணெய் கொஞ்சம் சோப்பிலேயே தங்கிவிடும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. சோடா அதை அரித்துவிடும். எவர்சில்வர்தான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, எடைத் தராசில் ஒரு கிராம் கூடினால் கரண்டி நுனியால் கிள்ளி எடுக்கும் இதே பெண்மணிதான், பெயர் என்று வந்ததும், "கடைசியில இன்னொரு ஏ சேர்த்துப் பாப்போமா?" என்கிறார்.

மறுதொடக்கத்தின் மூலச்சிக்கல்

பழைய பெயரையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். முடியாது. பழைய கணக்கின் பாஸ்வேர்டு எவருக்கும் நினைவில்லை. மீட்டெடுக்கலாம் என்றால் ஓடிபி பழைய சிம்முக்குப் போகிறது. நம் நாட்டில் முன்கட்டண எண்ணைத் தொண்ணூறு நாள் தொடாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தும் விட்டார்கள். முகமறியாத யாரோ ஒருவர் போனில் எங்கள் ஓடிபி போய் விழுகிறது. பழைய கணக்கோ இன்னும் உயிரோடிருக்கிறது. அதில் குப்பைமேனி சோப்பின் படம் இருக்கிறது, பழைய விலை இருக்கிறது, கீழே "ரேட் ப்ளீஸ்" என்று கேட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதே பெயரில் புதுக்கணக்கு கேட்டால், இப்பெயர் வேறொருவரிடம் உள்ளது என்று பதில் வருகிறது. அந்த வேறொருவர் இவரேதான். சொந்தப் பெயரைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு தனக்கே தர மறுக்கும் இந்த நிலைக்குத் தமிழ் மெய்யியலில் ஏற்கெனவே ஒரு கலைச்சொல் இருக்கும். சைவ சித்தாந்தம் படித்தவர்கள் தெரிவிக்கலாம்.

ஆகவே புதுப்பெயர். நல்ல பெயர்கள் யாவும் போய்விட்டன. அவற்றை எடுத்தவர்கள் ஆளவுமில்லை. ஒரு அழகான தமிழ்ப் பெயரைத் தேடிப் போனால், என்றோ ஒருநாள் போட்ட அந்திவானப் படம் ஒன்று, பின்தொடர்வோர் பதினொரு பேர், பிறகு நிசப்தம். நிலத்தை வாங்கி வேலி போட்டுவிட்டு வெளியூர் போனவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

இதோடு எழுத்துச் சிக்கலும் சேர்கிறது. இன்ஸ்டாகிராம் பயனர்பெயரில் முப்பது எழுத்து வரை போடலாம். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு தவிர வேறெதற்கும் இடமில்லை. எனவே 'எழில்' என்று வைத்தால் ழகரத்துக்கு இசட் எச் போட வேண்டும். தகவலாளரின் பெங்களூர்த் தோழி அதை 'எஜில்' என்று வாசித்தார். எல் போட்டால் 'எலில்'. அதிலுள்ள எலியை யாரும் விரும்பவில்லை. முகவரியே தமிழில் இருக்கட்டுமே என்றால் அதற்கும் வழி உண்டு: '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிகள் இருக்கின்றன. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரங்களில் 'எக்ஸ் என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறி நிற்கும். கணினியின் உள்வழக்கு அது. பார்ப்பவர் வங்கி மோசடி லிங்க் என்று பயந்து நம்மை பிளாக் செய்துவிடுவார்.

இங்கே எண்கணிதத்துக்கு உரிய இடத்தை அளிப்பது ஆய்வாளரின் கடமை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் ராசி என்று நம்மூர் எண்கணிதக்காரர்கள் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். இன்று ஓர் எழுத்தைக் கூட்டாமல் எந்தப் பெயரும் இணையத்தில் காலியாகக் கிடைப்பதில்லை. சோதிடமும் தொழில்நுட்பமும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கும் வேறு துறையை இவ்வாய்வாளர் அறியார்.

திணைப் பகுப்பு

கருதப்பட்டுக் கைவிடப்பட்ட பெயர்கள் ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் உள்ளன. வேறு எந்த முறையிலும் அடங்காததால் அவற்றைத் திணைவாரியாகப் பகுக்க நேர்ந்தது. தேன், மலை, மூலிகை என்று வருபவை குறிஞ்சி. ஆட்டுப்பால் சோப்பை முன்னிறுத்துபவை முல்லை. சிவப்பரிசியும் அரிசி கழுவிய நீரும் மருதம், கடலுப்பு நெய்தல். அடுப்புக்கரி சோப்புக்கு யோசித்த பெயர்கள் பாலை. அப்பெயர்களைக் கேட்டாலே நா வறண்டது. வைத்தவருக்கு மட்டும் பிடித்திருந்து வீட்டில் மற்ற எவருக்கும் பிடிக்காதவை கைக்கிளை. நோட்டில் மிகுதியும் இவையே. சங்கச் சொல்லுக்குப் பின்னால் 'ஸ்கின்கேர்' ஒட்டியவை பெருந்திணை. இந்த ஒட்டு நிலைக்காது என்று பார்த்ததுமே தெரியும். தகவலாளரின் பெரியப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சோப்பு என்பதையே எடுத்துவிட்டு 'வழலை' என்று போடச் சொன்னார். அவர் மனம் நோகக் கூடாது என்று அது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டு, பிறகு அந்தப் பக்கம் திருப்பப்படவேயில்லை.

சரக்கின் பெயரையே சோப்புக்கு வைக்கலாம் என்பார்க்கு ஒரு மறுப்பு. பீட்ரூட் சாற்றை ஊற்றிக் கோல்ட் ப்ராசஸில் சோப்பு செய்தால், காரத்தில் அதன் நிறம் நிற்காது, பழுப்பாகிவிடும். செம்பருத்தியின் சிவப்பும் அப்படியே போய்விடும். மஞ்சளோ காரம் பட்டதும் முதலில் சிவந்து காட்டிவிட்டுப் பிறகுதான் அடங்கும். ரோஜா நிறத்தில் மினுங்கும் 'பீட்ரூட் சோப்பு' எங்காவது கண்ணில் பட்டால், அதில் பீட்ரூட்டைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது என்று கொள்க. சட்டமும் இதில் நம் பக்கமே. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய மறுக்கிறது. 'சுத்தமான தேங்காய் எண்ணெய் சோப்பு' யாருக்கும் சொந்தமாகாது. சோப்புக்கு மூன்றாம் வகுப்பு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். விற்பனைக்குச் சோப்பு செய்ய 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறோம். பெயர் தேடுகிறவர்களில் ஒருவர்கூட இதைப் பற்றிக் கேட்டதில்லை.

முன்னோர் வழக்கு

பெரிய சோப்புகள் எப்படிப் பெயர் பெற்றன என்று நோக்கினால் மனம் தளர்கிறது. அவர்கள் யாரும் இவ்வளவு பாடுபட்டதாகத் தெரியவில்லை. கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் சலவைத்தூளைச் சைக்கிளில் வைத்து விற்றவர். தம் மகள் நிருபமாவின் பெயரிலிருந்து 'நிர்மா' என்று வைத்தார். ஆண்டு 1969. அதே ஆண்டில் சென்னையில் ரயில்வே மருத்துவர் வி.பி. சித்தன் மூலிகைச் சோப்பு செய்து 'மெடிமிக்ஸ்' என்றார். கோத்ரெஜ் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் 'நம்பர் 2' சோப்பை முதலில் கொண்டுவந்து, 'நம்பர் 1'ஐப் பிறகுதான் விட்டார்கள். இரண்டாவதே இப்படி என்றால் முதலாவது எப்படி இருக்கும் என்று சனங்கள் ஏங்கட்டும் என்பது கணக்காம். எண்ணைப் பெயராக வைத்துவிட்டால் தமிழாசிரியர் பெரியப்பாவின் தொல்லை இல்லை என்பது நாம் சேர்க்கும் உரை. ஹமாம் 1931இலிருந்து இருக்கிறது. அது என்ன மொழி என்று எந்தத் தமிழ் வீட்டுக் குளியலறையிலும் விவாதம் நடந்ததில்லை. நுரை வருகிறதா என்று பார்த்தார்கள், தேய்த்தார்கள்.

தகவலாளரின் தாயார் இந்த வரலாறு எதையும் அறியாமலே இதே முடிவுக்கு வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, ஒனக்குப் பேரு வைக்கவே நாங்க இவ்வளவு யோசிக்கலையே!"

கண்டுபிடிப்பு

கோல்ட் ப்ராசஸ் சோப்பு உடனே விற்பனைக்கு ஆகாது. நறுக்கி அடுக்கி, காற்றோட்டமான இடத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் காய வைக்க வேண்டும். ஈரம் வற்றும், கட்டி இறுகும், எடையும் குறையும். இந்த இடைவெளியில் உரிமையாளருக்கு வேலை இல்லை. பெயர்த் தேடல் முழுதும் இவ்வாரங்களில்தான் நிகழ்கிறது. பெயர்ச் சிக்கல் என்பது உண்மையில் சோப்பு காயும் வரை கையையும் மனத்தையும் சும்மா இருக்க விடாத ஓர் ஏற்பாடு என்பது ஆய்வின் முதற்கட்ட முடிவு. கடையில் வாங்கிய பேஸை உருக்கி அச்சில் ஊற்றுகிறவர்களுக்குச் சில மணி நேரத்தில் சோப்பு தயாராகிவிடுகிறது. அவர்கள் பெயருக்காக அலைவதில்லை என்பதும் இதை உறுதி செய்கிறது.

முதன்மை முடிவு வேறு. இந்தமுறை சோப்பு காய்ந்து முடிந்தபோதும் பெயர் முடிவாகவில்லை. பொறுக்க மாட்டாத தகவலாளர், கூடையில் அடுக்கிய வெட்டிவேர் சோப்பைப் படமெடுத்து, பெயரே போடாமல், "சோப்பு ரெடி" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். மாலைக்குள் பழைய வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் இசைந்த சிலரிடம், தகவலாளரின் எண்ணைத் தங்கள் போனில் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் கேட்டுப் பார்த்தார். 'சோப்பு அக்கா.' 'சோப்பு மதினி.' 'சோப் அக்கா பாளை.' கல்லூரி மாணவி ஒருத்தி 'குப்பைமேனி அக்கா' என்று வைத்திருந்தாள். முதல் தொழிலின் பெயர், பல இரவுகள் பேசாமல் ஒரே இரவில் வைத்த அந்தப் பெயர், ஒரு போனிலும் இல்லை. அப்படி ஒரு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆற்றைத் தாண்டினால் திருநெல்வேலி; அங்கே நெல்லையப்பர் கோவில் எதிரே அல்வாக் கடை இருக்கிறது. போதிய வெளிச்சம் இல்லாத கடையை இருட்டுக்கடை என்று சனங்கள்தான் சொன்னார்கள். அந்தப் பெயரைக் குழு அமைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால், இருட்டு என்ற சொல்லைத் தின்பண்டத்துக்குப் பக்கத்தில் வர எந்தக் குழு விட்டிருக்கும்?

இம்முடிவைத் தகவலாளரிடம் எடுத்துரைத்தபோது, "அப்போ 'சோப்பு அக்கா'ன்னே வச்சிடலாமா?" என்றார். தேடிப் பார்த்ததில் அது ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அடிக்கோடு சேர்த்தால் கிடைக்கும். அடிக்கோட்டை எங்கே போடுவது என்பதில் தற்போது கருத்து வேறுபாடு நிலவுகிறது.

மேலாய்வுக்கான களங்கள்

லேபிளில் நிகர எடை அச்சிட வேண்டும் என்கிறது சட்ட எடையளவு விதி; சோப்போ அச்சிட்ட பிறகும் காய்ந்துகொண்டிருக்கிறது. எந்த வாரத்து எடையைப் போடுவது என்பதைத் தனியே ஆராயலாம். சோப்பைக் கையில் வாங்கிய உடனே முகராத மனிதர் உண்டா என்பது மற்றொன்று. மூன்றாவதே மிக அவசரமானது: பத்து வில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போய் ஜிபே பண்ணிடுறேன்" என்று கிளம்பும் சொந்தக்காரர்கள். தரவுகள் நிறைய இருக்கின்றன. தகவலாளர் எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறார், அதே நோட்டில், நெய்தல் பெயர்களுக்குக் கீழே.