எங்கிட்ட ஓடுதே அண்ணாச்சி

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைப் பக்கம் மொட்டைமாடியில் தகர ஷெட் போட்டு, அதற்குள் இரண்டு மானிட்டரும் ஒரு டேபிள் ஃபேனுமாக உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். என்ன எழுதுகிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காட்டுவார். அதோடு விடமாட்டார். "நீங்களும் எறக்கிப் போட்டுப் பாருங்களேன், ஃப்ரீதான்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை போச்சு.

2011 வாக்கில் மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் வந்த பிறகு, இந்த வட்டாரத்தில் சாஃப்ட்வேர்க்காரர் ஓர் அதிசயம் இல்லை. கொரோனாவுக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் கூடிவிட்டார்கள். அவர்களில் நம் அண்ணாச்சி தனி ரகம். பகலில் சம்பளத்துக்கு நிரல் எழுதுவார். ராத்திரியில் உலகத்துக்கு இலவசமாக எழுதுவார். மலையில் இவ்வளவு மழை பெய்தால் சிற்றாற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடும் அறிவியல் மென்பொருள் அது. அடியில் யாரோ ஒரு பேராசிரியர் அந்தக் காலத்தில் எழுதிய ஃபோர்ட்ரான், நடுவில் சி++, மேலே பைத்தான். நல்ல மென்பொருள்தான், கணக்கும் சரியாக வரும். ஒரே ஒரு குறை, அது அண்ணாச்சி கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

நிறுவும் முறையை அவர் எழுதாமல் இல்லை. ரீட்மீ கோப்பு இருக்கிறது. அதில் மூன்று வரி இருக்கிறது. "பைத்தான் 2.7 வேண்டும். தேவையானவற்றை நிறுவிக்கொள்ளவும். பிறகு பில்டு செய்யவும்." தேவையானவை எவை என்பது அவரவர் தவப்பயன். கடைசியில் தொடர்பு முகவரி: குத்துக்கல்வலசை, திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-இல். இரண்டு சேதியும் அந்த ரீட்மீக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் ஆசையாக இதில் பங்களிக்க வருகிறான் என்று வையுங்கள். மூன்றாம் வரியில் விழுவான். அண்ணாச்சிக்குப் போன் போடுவான்.

"அண்ணாச்சி, ஃபோர்ட்ரான் கம்பைலரைக் காணோம்னு சொல்லுது."

"அது எல்லார்ட்டயும் கெடக்கும்லா தம்பி?"

"எங்கிட்ட இல்லயே. ரீட்மீலயும் இல்ல."

"அதைப் போய் எழுதணுமாக்கும்? போட்டுக்கோ."

போட்டுக்கொள்வான். அடுத்த பிழை வரும். மழைத் தகவல் கோப்பைத் தேடிக்கொண்டு நிரல் அண்ணாச்சியின் சொந்த ஹோம் டைரக்டரிக்குள் போகும். அங்கே 'புதுசு' என்ற ஃபோல்டருக்குள் 'புதுசு கடைசி', அதற்குள் 'புதுசு கடைசி 2'. இத்தனையும் பையனின் லேப்டாப்பிலும் இருக்கும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. அதையும் திருத்தினால், பில்டு செய்ய வேண்டிய டிஸ்டுட்டில்ஸ் என்ற கருவி இல்லை என்று பைத்தான் கையை விரிக்கும்.

"2.7-ன்னுதான எழுதிருக்கீங்க அண்ணாச்சி?"

"அது பழைய எழுத்து. நான் 3.8-லல்லா ஓட்டுதேன். நீ என்ன வச்சிருக்கே?"

"3.12."

"அதான பாத்தேன். எதுக்குல புதுசா வச்சிருக்கே? எங்கிட்ட ஓடுதே!"

இதுதான் அவருடைய மந்திரம். இதைச் சொன்னதும் வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

பொய் சொல்லவில்லை மனிதர். அவரிடம் ஓடத்தான் செய்கிறது. எந்த வருஷமோ எதற்கோ நிறுவிய நூலகங்கள், ஒரு நள்ளிரவில் கையால் மாற்றிய பாத், இன்னதென்று மறந்துபோன ஒரு சூழல் மாறி எல்லாம் சேர்ந்துதான் அதை ஓட்டுகின்றன. வீட்டுக்கு வழி கேட்டாலும் இதே கதைதான். "டீக்கடை இருந்த எடத்துல திரும்புங்க. கடை இப்ப இல்ல, ஆனா திரும்பிருங்க" என்பார். கடை இருந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியாது.

ரொம்பக் கேட்டால் ரோஷம் வந்துவிடும். மறுநாளே எல்லாவற்றையும் டாக்கரில் போட்டு அனுப்புவார். ஒன்பது ஜிபி. சாரல் காலத்தில், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், அதை இறக்கி முடிக்கப் பொறுமை வேண்டும். திறந்து பார்த்தால் உள்ளே அவருடைய இளையராஜா பாட்டுத் தொகுப்பும் இருக்கும். அது மட்டும் முதல் தடவையிலேயே ஓடும்.

அண்ணாச்சியை மட்டும் சொல்லிப் பயனில்லை. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தும் சைபை நூலகத்திலும் ஃபோர்ட்ரான், சி, சி++ எல்லாம் உண்டு. பயன்படுத்துகிறவருக்கு ஒரே கட்டளையில் தயாராக வந்துவிடுகிறது. அதைத் திருத்தி எழுத வருகிறவருக்குத்தான் கம்பைலர், கணித நூலகம் என்று பாடு. சைபைக்காரர்கள் 2022-இல் டிஸ்டுட்டில்ஸை விட்டு மெசான் என்ற பில்டு கருவிக்கு மாறினார்கள். 2023-இல் வந்த பைத்தான் 3.12-இல் பைத்தான்காரர்கள் டிஸ்டுட்டில்ஸையே தூக்கிவிட்டார்கள். மாறினவர்கள் நிறுவும் முறையையும் உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள். அந்த ஒரு வேலைக்குத்தான் நம்மவரை வளைக்க முடியவில்லை. நிரல் எழுதுவது கலை, ரீட்மீ எழுதுவது குமாஸ்தா வேலை என்பது அவர் கட்சி.

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழிலேயே கேட்கலாம். எந்த உபுண்டு, எந்தப் பதிப்பு சைலாப் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போவார்கள். அதைவிட முக்கியம், பாடத்தின் எழுத்துப்படியை விஷயம் தெரியாத ஒரு புதியவரிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிகிறதா என்று பார்த்த பிறகே குரல் பதிவுக்குப் போவார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "தெரியாதவன்ட்ட போயி என்னத்தக் கேக்க?" என்றார்.

தெரியாதவனிடம்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் தெரிந்தவர் கண்ணுக்குப் பள்ளம் தட்டுப்படாது. அவர் தினமும் தாண்டிப் பழகியவர். ஆகவே அண்ணாச்சிமாரே, ஒன்றும் நிறுவாத ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் ரீட்மீயை நீங்களே வரிவரியாக ஒருமுறை செய்து பாருங்கள். புதிதாக வருகிற தம்பி தங்கைகளே, தடுக்கி விழுந்த இடத்தை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் உங்களிடமும் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் நீங்களும் அண்ணாச்சிதான்.