தத்தெடுத்தாச்சு, சோறு போடுவது யார்?

பிச்சாவரத்தில் அலையாத்திக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டுப்போன காட்டை மீட்டதன் சூட்சுமம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வெட்டிய மீன்முள் வாய்க்கால்களில் இருக்கிறது. தேங்கிய உப்புநீர் வடிந்தால் கன்று பிழைக்கும். வண்டல் சேர்ந்தால் மறுபடி தூர்வார வேண்டும். தூர்வாரும்போது யாரும் படம் எடுப்பதில்லை.

கட்டற்ற மென்பொருளைத் தத்தெடுக்கும் அறக்கட்டளைகள் கதையும் இதுதான். 2011 ஜூனில் ஆரக்கிள் நிறுவனம், ஓபன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பெயர், வணிகச் சின்னம், நிரல் எல்லாம் முறைப்படி கைமாறின. நிரல் எழுதியவர்களில் பலர்தான் முந்தைய ஆண்டே அதிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸுக்கு மூட்டை கட்டியிருந்தார்கள்! 2016 ஜூலையில் ஓபன் ஆபிஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதை அப்பாச்சி அறிவித்தது. அதை அடைத்த முழுப் பதிப்பு அக்டோபரில்தான் வந்தது. 2014-இல் வந்த 4.1 பதிப்புக்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த எண்ணுக்கே வால் முளைத்த பதிப்புகள்தான்.

அடுத்துத் தத்தெடுக்கக் காத்திருக்கும் அறக்கட்டளைக்காரர்களே, பொன்னாடை போர்த்துவதற்கு முன் சொல்லிவிடுங்கள்: ஓட்டை தெரிந்த அன்று ராத்திரி கண்விழிக்கப்போவது யார்? சர்வர் பில்லை யார் கட்டுவது?