செயற்குழு மாப்ளைக்கு ஒரு மாமன் சொல்லும் புத்தி

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. சபையிலன்னா ‘வாங்க மாப்ள’ன்னுதான் கூப்பிடுவேன். இங்க நாம ரெண்டு பேருதான். பொண்ணு குடுத்தவன்கிறதை ஒதுக்கி வச்சுட்டு, தூக்கி வளர்த்த தாய்மாமன் உரிமையில பேசுறேன்.

உசிலம்பட்டி ரோட்டுல ஒன் பிளெக்ஸைப் பார்த்தேன். ‘சமூக நீதிச் சங்கத்தின் புதிய செயற்குழு உறுப்பினர்’னு போட்டு, கும்பிட்டுக்கிட்டு நிக்கிற. சமூகத்துக்கு நீதி கிடைச்சுச்சோ இல்லையோ, ஒனக்கு எட்டடியில ஒரு பிளெக்ஸ் கிடைச்சிருச்சு.

ஒன்னய எதுக்குச் சேர்த்தாகன்னு யோசிச்சியா? நீ அம்பேத்கரைக் கரைச்சுக் குடிச்சவன்னு இல்லை. போலீஸ் டேசன்ல ஒனக்கு நாற்காலி போடுவாக. தாலுகா ஆபீசுல ஒன் போனை எடுப்பாக. கூலி பாக்கி கேட்டுப் போன பொம்பளைய ‘நாளைக்கு வா’ன்னு திருப்பி அனுப்புற கிளார்க்கு, ஒன் குரலைக் கேட்டா எந்திரிச்சு நிப்பான். அந்தச் செல்வாக்கை அந்தப் பொம்பளைக்குக் கடனாக் குடுக்கத்தான் ஒன்னயக் கூப்பிட்டிருக்காக. நீ என்னடான்னா, அவ பேரைச் சொல்லி ஒன் செல்வாக்கைக் கூட்டிக்கிட்டு வந்துட்டியோன்னு மாமனுக்கு ஒரு சந்தேகம்.

சரி, பெரிய மனுசன் ஆயிட்ட. எப்படி நடந்துக்கணும்னு சொல்லித் தாரேன், கேட்டுக்க.

மொதப் பாடம், எதையும் வாசிச்சுறாத. தீர்மான நோட்டை நீட்டுனா, கையெழுத்து எங்கன்னு மட்டும் கேளு. என்ன தீர்மானம்னு கேட்டேன்னா, ‘அண்ணனுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லை போல’ன்னு செயலாளர் மூஞ்சி சுண்டிப் போகும். கூட்டமே போடாம நோட்டு மட்டும் வீடு தேடி வரும். தேதி போட்டிருக்க மாட்டாக. அதுவும் நல்லதுதான். கூட்டம் நடந்ததாச் சொல்ற அன்னைக்கு நீ பழனியில மொட்டை போட்டுக்கிட்டு இருந்தது யாருக்கும் தெரிய வேணாம் பாரு.

ஒரே ஒரு சின்னச் சங்கதி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்னு 1975-ல ஒண்ணு போட்டு வச்சிருக்காய்ங்க. 7 பேரு சேர்ந்தாச் சங்கம். செயற்குழுவுக்குக் குறைஞ்சது 3 பேரு. அந்தச் செயற்குழுக்காரவுக பேரு, விலாசம் பூராம் பதிவாளர் ஆபீசுல கிடக்கும். வருசா வருசம் கணக்கை ஆடிட் பண்ணிப் பொதுக்குழுவுல வைக்கணும், பதிவாளருக்கும் தாக்கல் பண்ணணும். கணக்குல ஓட்டை விழுந்துச்சுன்னா அவரு யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு ஊருக்குள்ள விசாரிச்சுக்கிட்டு இருக்க மாட்டாரு. லிஸ்டை எடுப்பாரு. லிஸ்டுல நீ இருக்க.

வெளிநாட்டுப் பணம் வர்ற சங்கம்னா இன்னும் விசேசம். 2020-ல அதுக்கான தனிச் சட்டத்தைத் திருத்துனதுல இருந்து அந்தப் பணம் மொதல்ல டெல்லி ஸ்டேட் பேங்கு மெயின் பிராஞ்சுலதான் வந்து எறங்கணும். நிர்வாகச் செலவு நூத்துக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. முன்னாடி 50 வரைக்கும் விட்டிருந்தாக. இன்னொரு சங்கத்துக்கு அதைக் கைமாத்தி விடுறதும் நடக்காது. ஒன் ஆதார் நம்பரும் டெல்லிக்குப் போகும். நீ ‘சும்மா பேருக்குத்தான் மாமா இருக்கேன்’னு சொல்லுவ. டெல்லிக்காரனுக்கு ஒன் பேருதான்யா வேணும்.

அதனால கண்ணாடிய மாத்திட்டாவது வாசி. இல்லையா, பேனாவ வீட்டுல வச்சுட்டுப் போ.

ரெண்டாவது பாடம், கூட்டத்துல எதைப் பேசணும்கிறது. போன கூட்டத்துக்கு என்னையும் இழுத்துட்டுப் போயி ஓரமா உக்கார வச்சீகளே, பார்த்தேன். ஆண்டு விழா பேனர்ல யாரு படம் எங்க வரணும்கிறதுதான் மொதப் பொருள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தன் படத்தை வட்டத்துக்குள்ள போடாதீக, சதுரத்துல போடுங்கன்னாரு. வக்கீலு தன் பேருக்குப் பின்னால பி.ஏ., பி.எல். விட்டுப் போச்சுன்னு வருத்தப்பட்டாரு. ரைஸ்மில்காரரு வாயே தெறக்கலை. பேனர் செலவு அவருது, படம் தானாப் பெருசாயிரும். நடுவுல பஜ்ஜி வந்துச்சு. சட்னி பத்தலைன்னு அதுக்கு ஒரு விவாதம்.

அப்புறம் அந்தக் களப்பணியாளர் பிள்ளை எந்திரிச்சு நோட்டைப் பிரிச்சுச்சு. செங்கல் சூளையில ரெண்டு குடும்பம் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கு, ஆர்டிஓ-வுக்கு மனுக் குடுத்தாச்சு, விடுதலைச் சான்று இன்னும் வரலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே தலைவர் வாட்சைப் பார்த்தாரு. ‘சுருக்கமாச் சொல்லும்மா, பஸ்ஸுக்குப் போறவுக இருக்காக.’ பிள்ளை நோட்டை மூடிருச்சு. ‘அறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ நீயும் தலையாட்டுன. வாயில பஜ்ஜி இருந்ததால சத்தம் வரலை.

மாப்ள, கொத்தடிமை முறையை ஒழிச்சு 1976-லயே சட்டம் போட்டாச்சு. வாங்குன முன்பணமும் செல்லாது, அதுக்குப் பதிலா ஒழைக்கணும்கிறதும் செல்லாதுங்குது அந்தச் சட்டம். ஆனா அதைச் சூளைக்காரன் மூஞ்சிக்கு நேரா நீட்ட அந்த ஏழை கையில ஒரு காயிதம் வேணும்ல? அதுதான் விடுதலைச் சான்று. அது இருந்தா உடனடி உதவியா 30,000 ரூபாய் வரைக்கும் கேக்கவும் வழி இருக்கு. அந்தக் காயிதத்துக்காக அந்தப் பிள்ளை ஆர்டிஓ ஆபீசு வராந்தாவுல கால் கடுக்க நிக்குது. ஒன் போனை எடுக்கிற ஆபீசும் அதே காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கு.

அடுத்த கூட்டத்துல ஒண்ணு செய்யி. அந்தப் பிள்ளைய மொதல்ல பேச விடணும், பஜ்ஜி கடைசியிலதான் வரணும்னு ஒரு தீர்மானம் போடு. பஜ்ஜி வர்ற வரைக்கும் ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்.

அப்படியே அது சம்பளத்தையும் கேளு. ஊருக்கெல்லாம் கூலி வாங்கிக் குடுக்கப் போற பிள்ளைக்கு ஒங்க சங்கத்துலயே பாக்கி நிக்கப் போகுது. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தா, பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க உள்ளுக்குள்ளயே ஒரு குழு வைக்கணும், பொம்பளைதான் அதுக்குத் தலைமைன்னு 2013-ல சட்டம் வந்திருக்கு. இருக்கான்னு கேளு. ‘நம்ம சங்கத்துல அப்படியெல்லாம் நடக்காதுண்ணே’ன்னு ஒருத்தன் சொல்லுவான். அவன் சொன்னா, அவசரமா வைக்கணும்னு அர்த்தம் எடுத்துக்க.

மூணாவது பாடம், நாற்காலியப் பத்தி. ஒங்க செயற்குழுவுல காலனியில இருந்து ஒரு அம்மா இருக்குல்ல, பேரு சொல்லு பார்ப்போம். தெரியலையா? விடு. போட்டோ எடுக்கும்போது ‘அந்தம்மாவ முன்னால வரச் சொல்லுங்கப்பா’ன்னு எல்லாரும் கத்துனீகளே, அவுகதான். போட்டோ முடிஞ்ச பெறகு டீ டம்ளரைப் பூராம் அடுக்கி எடுத்துட்டுப் போனதும் அவுகதான். யாரும் எடுக்கச் சொல்லலை. யாரும் வேணாம்னும் சொல்லலை.

நம்ம பக்கத்துக்கு இது பழைய வித்தை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல ஊராட்சித் தலைவர் பதவிய 1996-ல தலித்துகளுக்கு ஒதுக்குனாக. ஒழுங்கா ஒரு தேர்தல் நடக்க 2006 அக்டோபர் ஆச்சு. நடுவுல பத்து வருசம் என்ன செஞ்சோம்? மனுப் போட ஆளு வரவிடலை. அப்படியே ஒருத்தரை ஊரே நிறுத்துனாலும், ஜெயிச்ச கையோட ராஜினாமாக் கடுதாசிய வாங்கிக்கிட்டோம். சட்டம் நாற்காலியக் குடுத்துச்சு, ஊரு ஆளை எழுப்பி விட்டுருச்சு. ஒங்க சங்கம் அதைவிட முன்னேறிருச்சு. உக்காரவும் வச்சு, பேசாம இருக்கவும் வச்சிருக்கு. கடுதாசிச் செலவு மிச்சம்.

அந்த அம்மாவப் பொருளாளர் ஆக்கச் சொல்லு. அவுக கையெழுத்து இல்லாம ஒரு செக்கும் போகக் கூடாது. அப்புறம் பாரு, ‘அக்கா, டீ எடுத்துக்கிட்டீகளா’ன்னு செயலாளரே டம்ளரோட பின்னால வருவாரு.

எறங்குறதைப் பத்தியும் சொல்லிடுறேன். செயற்குழுவோட ஆயுசு 3 வருசத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அந்த 1975 சட்டத்துல இருக்கு. மறுபடியும் வரலாம்னும் இருக்கு. இந்த ரெண்டாவது வரிய மட்டும் நம்ம ஆளுக மனப்பாடமா வச்சிருக்காய்ங்க.

நாற்காலி கிடக்கட்டும், வேலை எப்படி நடக்கணும்னு பாரு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைக் கேள்விப்பட்டிருப்ப. திண்டுக்கல் பக்கத்துல தலித் வீட்டுல பொறந்தவுக. 1968 டிசம்பர் 25-ல கீழ்வெண்மணியில 44 பேரை வச்சு எரிச்ச பெறகு, வீட்டுக்காரரோட தஞ்சாவூர்ப் பக்கம் போயி அந்தச் சனத்தோட உக்காந்தவுக. 1981-ல லாஃப்டின்னு அமைப்பை ஆரம்பிச்சு, மிராசுதாருகிட்டப் பேசி நிலத்தை வாங்கிக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்னு பிரிச்சாக. பத்திரத்தைப் பொம்பளைக பேருல எழுதுனாக. 2008-ல ரைட் லைவ்லிஹுட் விருது அவுகளைத் தேடி வந்துச்சு. சமூக நீதிக்குச் சங்கம் வச்சிருக்கவன் என்ன செஞ்சான்னு யாராச்சும் கேட்டா, பிளெக்ஸுல யாரு பேரு இருக்குன்னு பார்க்கக் கூடாது மாப்ள. பத்திரத்துல யாரு பேரு இருக்குன்னு பார்க்கணும்.

கடைசிப் பாடம்தான் தொண்டையில நிக்கிறது. பக்கத்து ஒன்றியத்துல தீண்டாமைன்னா, கண்டனத் தீர்மானம் போட ஒங்க ஆளுகளுக்கு ஒரு நிமிசம் ஆகாது. ஒரு நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு புகாரோட வரும். அதுல ஒன் மச்சினன் பேரு இருக்கும். என்ன முழிக்கிற? ஆமா, என் மகன்தான். அடுத்தவன் மகனைச் சொன்னா ஒனக்கு உறைக்காது.

அன்னைக்கு ரெண்டு போன் வரும். ஒண்ணு டேசன்ல இருந்து, ‘அண்ணே, பேசி ராஜி பண்ணிரலாமா?’ இன்னொண்ணு என் மக கிட்ட இருந்து. ரெண்டாவது போனுக்குத்தான் ஒனக்குக் காய்ச்சல் வரும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-து. அதைத் திருத்தி 2016 ஜனவரி 26-ல இருந்து நடைமுறைக்குக் கொண்டாந்தாக. பாதிக்கப்பட்டவுக தொண்டு நிறுவனம், சமூக சேவகர், வக்கீல்னு யாரையும் துணைக்கு வச்சுக்கலாம்னு அதுலயே உரிமையா எழுதியிருக்கு. 60 நாளைக்குள்ள விசாரணைய முடிச்சுக் குற்றப்பத்திரிகை போடணும்னு விதி சொல்லுது. ஆகக்கூடி ஒங்க சங்கத்துக்குச் சட்டம் போட்டுக் குடுத்த எடம் பாதிக்கப்பட்டவன் பக்கத்துல. மச்சினன் பக்கத்துல இல்லை, நடுவுலயும் இல்லை. ‘ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு’ன்னு நீ ஆரம்பிச்சேன்னா, பழைய நாட்டாமைக்குப் புது லெட்டர்பேடு அடிச்சுக் குடுத்த கதைதான்.

என்ன செய்யணும்? கூட்டத்துல எந்திரிச்சு, ‘இதுல என் சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருக்காரு, விவாதத்துலயும் ஓட்டுலயும் நான் இல்லை’ன்னு சொல்லு. அதைத் தீர்மான நோட்டுல எழுத வை. எழுதுனதை வாசி. வெளிய வந்து நில்லு. டேசன் போனை எடுக்காத. பெரிய வீரமெல்லாம் வேணாம்யா, குறுக்க நிக்காம இருந்தாப் போதும். ராத்திரி வீட்டுல சோறு கிடைக்கலைன்னா இங்க வா. எனக்கும் அன்னைக்குக் கிடைக்காது. ரெண்டு பேருமாப் புரோட்டாக் கடைக்குப் போவோம்.

அது என்னைக்கோ வரப்போற சங்கதி. இன்னைக்கே பண்ணுறதுக்கு ஒண்ணு இருக்கு. ஒன் கல்யாண மண்டபத்துல காலனிக்காரவுக தேதி கேட்டா ஒன் மேனேஜர் ஒரு நாளும் முடியாதுன்னு சொன்னது கிடையாதாம். ‘அந்தத் தேதி புக்காயிருச்சே’ம்பானாம். வைகாசியில இல்லை, ஆனியில இல்லை, ஆவணியிலயும் இல்லை. ஆடி மாசம் கேட்டாக்கூட இருக்காதுன்னு நினைக்கிறேன். சங்கத்து ஆண்டு விழாவுக்கு மட்டும் அதே மண்டபம், வாடகை இல்லாம.

இன்னைக்குச் சாயங்காலம் காலனியில இருந்து ஒருத்தர் மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு ஒன்னயப் பார்க்க வருவாரு. நான்தான் போகச் சொல்லியிருக்கேன். அவரு கேக்குற தேதி காலியாத்தான் இருக்கு. காலையில ஒன் மேனேஜர் டீக் குடிக்கப் போன நேரம் புக்கிங் நோட்டைப் பெரட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். முன்பணத்தைக் கையில கொண்டு வாராரு. ரசீதை மேனேஜர் கிட்ட விடாம நீயே எழுதிக் குடு.